மைலோவுக்கு நாள் குறித்தபோது

வயதான குதிரை ஒருநாள் தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப் போகிற குதிரைகள் மிகக் குறைவு. நடப்பது பெரும்பாலும் வேறு. நடுராத்திரியில் வயிற்றுவலி வந்து புரளும். அல்லது படுத்தது படுத்தபடி கிடக்கும், விடிய விடிய எழுந்திருக்கப் பார்த்துத் தோற்கும். அப்போது மருத்துவர் வேறெங்கோ இருப்பார், சொந்தக்காரரின் கைப்பேசி அணைந்திருக்கும், லாயத்தில் இருக்கிற பையன் தனியாக நின்று திகைப்பான். எங்கள் மைலோவுக்கு அப்படி ஆகவில்லை. ஆகாமல் இருக்க என்னென்ன செய்தோம், மருத்துவரின் ஊசியால் வலியில்லாமல் அவனை அனுப்பிவைக்க எப்படி நாள் குறித்தோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மைலோ ஒரு மட்டக் குதிரை. உயரம் 12.2 கை, அதாவது தோள்மேடு வரைக்கும் 127 செண்டிமீட்டர். மைலோ பானத்தின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று சிங்கப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்து, இங்கே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பல வருடம் பிள்ளைகளைச் சுமந்தவன். என் மகள் முதன்முதலில் ஏறியதும் அவன் மேல்தான். பயந்த பிள்ளை ஏறினால் மெதுவாக நடப்பான். கொஞ்சம் திமிராக ஏறுகிற பிள்ளையென்றால், வேலியோரப் புல்லுக்குத் தலையைக் குனிந்து கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு, யார் பெரியவர் என்று காட்டிவிடுவான். அவனுக்கு 22 வயதானபோது பாடம் எடுப்பதிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். யாராவது பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்களா என்று பள்ளி கேட்டது. நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

லேசாக எடுத்த முடிவு இல்லை அது. வயதான குதிரையை அவிழ்த்துவிட்டு மேய விட இந்த ஊரில் புல்வெளி கிடையாது. தின்கிற வைக்கோலே கப்பலில் வருகிறது. லாயத்து வாடகை, தீனி, லாடம், மருத்துவம் எல்லாம் சேர்த்தால் மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல். ஓய்வுபெற்ற குதிரையை வைத்துக்கொள்ள நினைக்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: கடைசி மாதங்களின் செலவையும் கடைசி நாளின் செலவையும் ஆரம்பத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள். பணமில்லையே என்று ஒரு முடிவைத் தள்ளிப்போடுவதும் கூடாது, பணமில்லையே என்று முந்திக்கொள்வதும் கூடாது.

எனக்குத் துணையாக இருந்தவர் அப்பா. புக்கிட் தீமா பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிக்கிற ஆளாக, வேலை பார்த்தவர் அவர். சிங்கப்பூரில் குதிரைப் பந்தயக் கழகம் தொடங்கியது 1842இல். முதலில் ஃபேரர் பார்க்கில்தான் ஓட்டினார்கள், தேக்காவை ஒட்டி இருக்கிற ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் அதனால் வந்தது. 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனது, 1999இல் கிராஞ்சிக்கு. அந்த மாற்றத்தோடு அப்பா வேலையை விட்டார். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்தபோது, கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆயுசு முழுக்க அடுத்தவர் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டியவருக்கு, வீட்டுக்கென்று சொந்தமாக வந்த முதல் குதிரை மைலோ.

25 வயதுக்குப் பிறகுதான் நோய்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் பல். குதிரைப் பல் ஆயுள் முழுக்க ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை. அரைத்து அரைத்துத் தேய்ந்துபோவதை அந்த வளர்ச்சி ஈடுகட்டும். ஒரு கட்டத்தில் வளர மிச்சமே இருக்காது. மைலோ வைக்கோலை மென்று, சுருட்டி, எச்சில் உருண்டையாகக் கீழே போட ஆரம்பித்தான். பார்க்கிறவர்களுக்குத் தின்கிற மாதிரிதான் தெரியும். தீனித் தொட்டியின் கீழே குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். அதன்பிறகு வைக்கோல் கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுத்தோம். நம் ஊர் வெயிலில் ஊறவைத்த தீனி சில மணி நேரத்தில் புளித்துவிடும், எறும்பும் வந்துவிடும். அதனால் வேளைக்கு வேளை கொஞ்சமாகத்தான் ஊறவைக்க வேண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் இரவே ஊறவைக்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே அது ஒத்துவராது.

அடுத்தது குஷிங் நோய். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி வயதான காலத்தில் கட்டுப்பாட்டை இழப்பதால் வருவது. முடி உதிராமல் நீளமாக, சுருள் சுருளாக வளரும். முதுகுச் சதை கரையும், வயிறு தொங்கும், தாகம் கூடும். 32 டிகிரி வெயிலில் கம்பளி போர்த்தியதுபோல ஒரு உடம்பு என்றால் எவ்வளவு கொடுமை! இயந்திரம் வைத்து முடியைக் கத்தரித்துக்கொண்டே இருந்தோம். பகலெல்லாம் மின்விசிறி, மத்தியானம் குழாய்த் தண்ணீர். தினமும் ஒரு பெர்கோலைடு மாத்திரை. இனிப்பு கொடுக்கக் கூடாது என்பதால் மாத்திரையை வெல்லத்தில் மறைக்க முடியாது. வெள்ளரித் துண்டைக் கீறி உள்ளே செருகிக் கொடுத்தால் தின்றுவிடுவான்.

குஷிங் வந்த மட்டக் குதிரைகளுக்கு நாம் மிகவும் பயப்பட வேண்டியது லாமினைடிஸ். குளம்புக்கு உள்ளே இருக்கிற எலும்பை வெளி ஓட்டோடு பிடித்து வைத்திருக்கும் சவ்வு வீங்கி, பிடி தளர்ந்துபோகும் நோய் அது. குதிரையின் மொத்தப் பாரமும் அந்தப் பிடியில்தான் நிற்கிறது. பிடி தளர்ந்தால் எலும்பு உள்ளுக்குள்ளேயே சாயும். மைலோ முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நிற்பான். சிமெண்டுத் தரையில் திரும்பச் சொன்னால் முகமே மாறிவிடும். கணுக்காலுக்குப் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளுவது தெரியும். குளம்பைத் தொட்டால் சுடும். இந்த இரண்டையும் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வயதான குதிரை வைத்திருக்கிற எல்லோரும் நல்ல நாளிலேயே நாடியைத் தொட்டுப் பழக வேண்டும். நல்ல நாடி எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்தால்தானே கெட்ட நாடி பிடிபடும். ஓய்வில் இருக்கிற குதிரைக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரை. மைலோவின் சொந்த எண்களை லாயத்துக் கதவில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தோம்.

இத்தனையோடும் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கொட்டடியில் கோப்பி என்று ஒரு கிழட்டுப் பெண் குதிரை. இரண்டும் தடுப்புக்கு மேலே கழுத்தை நீட்டி ஒன்றுக்கொன்று பிடரியைக் கடித்துச் சொறிந்துவிடும். என் கார் வரும் சத்தம் கேட்டால் கனைப்பான். நோய் இருக்கிறது என்பதாலேயே முடித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. நோயோடு நல்லபடியாக நான்கு வருடம் வாழ்ந்தான்.

நிலைமையை மாற்றியது தூக்கம். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். குதிரை நின்றபடியே கண்ணயரும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு, நமக்குக் கனவு வருகிற அந்த உறக்கத்துக்கு, அது படுத்தே ஆக வேண்டும். நாளொன்றுக்கு அரை மணியோ ஒரு மணியோ போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். மூட்டு வலி முற்றிய குதிரை, படுத்தால் எழ முடியாதோ என்று பயந்து படுப்பதையே விட்டுவிடும். அப்புறம் நிற்கும்போதே உறக்கம் அழுத்தி முன்னங்கால் மடிந்து, விழப்போய் விழித்துக்கொள்ளும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் லாயத்து அண்ணன்தான். ஜொகூரிலிருந்து தினமும் விடியற்காலையில் பாலம் கடந்து வருகிறவர். “அக்கா, இவன் வாலைப் பாருங்க, மரத்தூளே ஒட்டலை. ராத்திரி படுக்கலை இவன்” என்றார். சில நாள் கழித்து முன்னங்கால் கணுவின் முன்பக்கத்தில் சின்னக் காயங்கள். விழப்போய்த் தரையில் இடித்துக்கொண்டவை. அப்பா குனிந்து அந்தக் காயத்தைத் தடவிப் பார்த்தார். “நிக்க முடியாத குதிரைக்கு ராத்திரி ரொம்ப நீளம்மா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவர் வலிமருந்தைக் கூட்டிப் பார்த்தார். குதிரைக்காரர்கள் பியூட் என்று சொல்கிற ஃபீனைல்பியூட்டசோன் அது. நீண்ட நாள் அதிக அளவில் கொடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். படுக்கைக்கு மரத்தூளை இரண்டு மடங்கு உயரமாகப் போட்டோம், சுவரோரம் மேடு கட்டினோம். ஒரு வாரம் படுத்தான். பிறகு மறுபடியும் இல்லை. எக்ஸ்ரேயில் குளம்பு எலும்பு முன்பைவிடச் சாய்ந்திருந்தது.

சரி, எப்போது போதும் என்பதை எப்படி முடிவு செய்வது? தினமும் பார்க்கிற கண் ஏமாந்துபோகும். நேற்றைவிட இன்று கொஞ்சம் மேல் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். அப்பா ஒரு வழி சொன்னார். சமையலறையில் தொங்குகிற நாள்காட்டியில் தினமும் கிழிக்கிற தாளின் பின்பக்கம் நான்கு விஷயம் எழுத வேண்டும்: படுத்தானா, தீனியை முடித்தானா, கொட்டடியை விட்டுத் தானாக வெளியே நடந்தானா, கோப்பியைச் சொறிந்துவிட்டானா. ஆம், இல்லை, அவ்வளவுதான், வேறு கதை எழுதக் கூடாது. எழுதுவது நானாகவும் இருக்கக் கூடாது என்றார், லாயத்து அண்ணன் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். மாதக் கடைசியில் தாள்களை மேசையில் பரப்பினோம். முதல் வாரத்தில் ‘ஆம்’ நிறைய. கடைசி வாரத்தில் கோப்பியைச் சொறிந்துவிட்டதற்குக்கூட ‘இல்லை’ என்றுதான் இருந்தது. கழுத்தை முன்னே நீட்டினால் பாரம் முன்குளம்புக்கு மாறும், வலிக்கும், அதனால் அதையும் விட்டுவிட்டான். மருத்துவ அறிக்கை எதுவும் சொல்லாததை அந்தத் தாள்கள் எனக்குச் சொல்லின.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. “என்ன செய்யலாம்?” என்று கேட்டால், நல்ல மருத்துவர் செய்யக்கூடியதையெல்லாம் வரிசையாகச் சொல்வார். அது அவர் வேலை. “இவன் உங்கள் குதிரையாக இருந்தால் அடுத்த மாதம் இவன் எப்படி இருப்பான் என்று எதிர்பார்ப்பீர்கள்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “இதைவிட நன்றாக இருக்க மாட்டான்” என்றார்.

வீட்டில் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “உசுரக் குடுத்தவன் எடுத்துக்குவான், நாம யாரு நாள் குறிக்க? கல்யாணத்துக்கு நாள் குறிப்பாங்க, இதுக்குமா?” என்றார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது, ஏனென்றால் என் மனதுக்குள்ளும் அதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது. நம் வீடுகளில் மாடோ நாயோ கடைசி மூச்சுவரை கிடந்து போவதைத்தான் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து வாயில் தண்ணீர் விடுவோம். ஊசி போடுவது என்றால் பாவம் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது, அதை லேசாக ஒதுக்கிவிடக் கூடாது.

அப்பாதான் பதில் சொன்னார். புக்கிட் தீமாவில் பந்தயத்தின் நடுவே ஒரு குதிரைக்குக் கால் உடைந்தால் சுற்றித் துணி மறைப்பு கட்டுவார்களாம். ஜனங்கள் அடுத்த பந்தயத்துக்குச் சீட்டு வாங்கப் போய்விடுவார்கள். மறைப்புக்குள்ளே மருத்துவரும் சைஸும்தான். தலையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டியது சைஸ். “குதிரை முதலாளிக்குச் சொந்தம், அதோட சாவு சைஸுக்குச் சொந்தம்னு நாங்க சொல்லிக்குவோம். அந்தக் குதிரைய வலியோட விட்டுட்டு வந்திருந்தா அதுதான் பாவம்” என்றார். அம்மா மறுபேச்சு பேசவில்லை. மறுநாள் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். பெயர் நட்சத்திரம் கேட்டபோது, சாமி பேருக்கே செய்யுங்கள் என்றாராம். திருநீற்றுப் பொட்டலத்தை என்னிடம் தந்து, “அவன் நெத்தியில வெச்சு விடு” என்றார். அதுதான் அம்மாவின் சம்மதம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் முடிவை எடுத்துவிட்டுச் சொல்லாதீர்கள். தாள்களைக் காட்டுங்கள், முடிந்தால் குதிரையிடமே கூட்டிப் போங்கள். அம்மா ஒரு சாயங்காலம் வந்து, மைலோ பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றி நிற்பதைப் பத்து நிமிடம் பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்த அர்ச்சனை.

நாள் குறிப்பதில் சில காரியங்கள் கலந்திருக்கின்றன. இங்கே குதிரை பார்க்கிற மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், நாய் பூனை மருத்துவமனைக்கு ஃபோன் செய்து பயனில்லை. அதனால் முதலில் அவருடைய நேரம். அடுத்தது உடலை எடுத்துப்போகிற லாரி. நிலமில்லாத ஊர், லாயத்தில் புதைக்க வழியில்லை. மருந்து கொடுத்துப் போன உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும், வேறு பிராணி எதுவும் தின்றுவிடக் கூடாது என்பதால் எங்களுக்கு எரிப்பதற்குத்தான் ஏற்பாடு ஆனது. மருத்துவர், லாரி, எரிப்பு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம், முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். குதிரைக்குக் காப்புறுதி இருந்தால், அவசரமில்லாத நிலையில் நாள் குறிக்கும்போது அந்த நிறுவனத்தின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். சனி, ஞாயிறு வேண்டாம், பாடத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளும் வேண்டாம், ஏதாவது தள்ளிப்போனால் ஆள் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மத்தியானத்தை நம்ப முடியாது. காலை ஏழரை மணி, வார நாள், பாடம் இல்லாத செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. செவ்வாய் ஆகாது என்று அம்மா சொல்வார் என நினைத்தேன், சொல்லவில்லை.

இடத்தையும் முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டும். கொட்டடிக்குள்ளே கூடவே கூடாது. குதிரை விழும்போது பக்கத்தில் இருப்பவர் நசுங்கலாம், உடலை வெளியே எடுப்பதும் கண்கொண்டு பார்க்க முடியாத காரியமாகிவிடும். சமதரை, மெத்தென்ற புல், லாரி கிட்டே வருகிற மாதிரி வழி, சாலையிலிருந்து பார்வை படாத மூலை. எங்கள் லாயத்தில் பின்பக்கத்து மழைமரத்தடி அப்படி இருந்தது. முதல் நாளே மைலோவை மெதுவாக அங்கே நடத்திப் போய்ப் புல் மேய விட்டோம், மறுநாள் புது இடம் என்று மிரளக் கூடாது என்பதற்காக.

வால்முடி வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே வெட்டிவிடுங்கள். இரண்டு முனையையும் இறுகக் கட்டிவிட்டு, கட்டுக்கு மேலே வெட்ட வேண்டும். லாடம் வேண்டுமானால் லாடம் அடிப்பவரை முன்னதாக வரச் சொல்லலாம், ஆனால் குளம்பு வலிக்கிற குதிரைக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். முடி போதும்.

என் மகள் மெல்பர்னில் படிக்கிறாள். அவள் வரும்வரை வைத்திருக்கலாமா என்று நிறைய யோசித்தேன். தேர்வு முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவளே முடிவு சொன்னாள்: “எனக்காக அவன் அஞ்சு வாரம் தூங்காம நிக்க வேண்டாம்மா.” போன விடுமுறையில் வந்திருந்தபோதே அவனோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டுப் போயிருந்தாள், அது பெரிய ஆறுதல். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், குதிரைக்கு 25 தாண்டிவிட்டால் ஒவ்வொரு விடுமுறையையும் கடைசி விடுமுறையாக வைத்துக்கொண்டு விடைபெறச் சொல்லுங்கள். அந்தக் காலையில் காணொளியில் பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம், முடிந்ததும் கூப்பிடு என்றாள். கேட்டுவிட வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

பள்ளியில் ஏறுகிற சின்னப் பிள்ளைகள் விஷயம் இன்னும் கடினம். ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போயிட்டான்னு சொல்லிடுங்களேன்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் விடமாட்டார்கள். எப்போது போனான், எந்த விமானம், ஏன் எங்களிடம் சொல்லவில்லை, திரும்பி வருவானா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு பொய் வேண்டும். தூங்கிவிட்டான் என்பது அதைவிட மோசம், ராத்திரி படுக்கவே பயப்படுவார்கள். பயிற்சியாளரும் நானும் பெற்றோர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினோம்: மைலோவுக்கு வயதாகிவிட்டது, கால் வலி குணமாகாது, மருத்துவர் வலியில்லாமல் அவனுடைய உயிரை நிறுத்துவார், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மைலோ இருக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். ஞாயிறன்று வந்த பிள்ளைகள் கேரட்டைச் சீவிக்கொண்டு வந்தார்கள், அவனுக்குப் பல்லில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு ஆறு வயதுப் பையன், “வலிக்குமா?” என்று கேட்டான். “ஊசி குத்தும்போது கொஞ்சம், அவ்வளவுதான்” என்றேன். தலையாட்டிவிட்டு மைலோவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே அப்பாவும் நானும் போய்விட்டோம். அப்பா ஒரு பொட்டலம் வைத்திருந்தார். வெல்லம். நான்கு வருடமாக அவனுக்கு மறுக்கப்பட்ட வெல்லம். அப்பாவின் உள்ளங்கையில் ஒரு துணுக்குக்கூட விடாமல் நக்கினான். நெற்றியில் திருநீறு வைத்தேன். லாயத்து அண்ணன் அன்றைக்குப் பாலத்தில் நெரிசலாகிவிடுமோ என்று இரவே வந்து அங்கேயே தங்கியிருந்தார்.

அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மருத்துவர் முன்னாலேயே விவரமாகச் சொல்லியிருந்ததுதான் என்னை அங்கே நிற்க வைத்தது. முதலில் கழுத்து ரத்த நாளத்தில் ஒரு குழாய் பொருத்துவார். பிறகு மயக்க ஊசி, சில நிமிடத்தில் தலை தாழ்ந்து, உதடு தொங்கி, நின்றபடியே மயங்குவான். நாம் விடைபெற வேண்டியது அந்த நேரத்தில்தான். அதற்குப் பிறகு நாம் விலகிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், எதிரே நிற்கக் கூடாது. குதிரை முன்பக்கமாகவும் விழலாம். கயிற்றைப் பழக்கப்பட்ட ஆள்தான் பிடிக்க வேண்டும். கடைசி மருந்து பார்பிட்டூரேட் என்கிற மயக்க மருந்து வகை. ஒரு நிமிடத்துக்குள் கால்கள் மடிந்து சரிந்துவிடும், விழுவதற்கு முன்னாலேயே நினைவு போய்விடும். கண் மூடாது. சில சமயம் ஒரு பெருமூச்சு வரும், தசைகள் துடிக்கும். உயிர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மருத்துவர் இதயத்தைச் சில நிமிடம் விடாமல் கேட்டு, கருவிழியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிந்தது என்பார்.

அப்படியேதான் நடந்தது. கயிற்றை அப்பா பிடிக்கிறேன் என்றார். வயதைப் பார்த்து மருத்துவர் தயங்கினார், பிறகு லாயத்து அண்ணனைப் பிடிக்கச் சொல்லி, அப்பாவைக் கழுத்துப் பக்கம் நிற்க விட்டார். அப்பா பேசிக்கொண்டே இருந்தார். தமிழ்தான், ஆனால் குதிரையிடம் மட்டும் பேசுகிற தமிழ். “ஆச்சுடா, ஆச்சுடா ராஜா, நின்னது போதும்டா.” மைலோ விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசினார். பெருமூச்சு ஒன்று வந்தது. சொல்லியிருக்காவிட்டால் நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பேன்.

அடுத்துச் செய்தது கோப்பியை அழைத்து வந்தது. கூட இருந்த குதிரைக்கு உடலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காணாமல் போனதாக நினைத்து நாள்கணக்கில் தேடிக் கத்தும் என்று அப்பாவும் சொன்னார், மருத்துவரும் சொன்னார். கோப்பி மூக்கை வைத்து முகர்ந்தது, பிடரியை ஒருமுறை மெல்லக் கடித்தது, பிறகு நகர்ந்துபோய்ப் புல் மேய்ந்தது. அன்றிரவு மட்டும் கொஞ்சம் கனைத்ததாம். சில நாள் தீனி குறைந்தது. காலிக் கொட்டடி பக்கத்திலேயே இருப்பது அதற்கு நல்லதில்லை என்று, வாரக் கடைசிக்குள் வேறொரு சாதுவான குதிரையை அங்கே மாற்றினார்கள்.

உடலை லாரியில் ஏற்றும்போது நான் இருக்கவில்லை. யாரும் இருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். சங்கிலியும் இழுவை இயந்திரமும் சேர்ந்து செய்கிற வேலை, மனதில் தங்கிவிடும். லாயத்து அண்ணன் பார்த்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடாவது வாங்கிக் கொடுங்கள், மறுநாள் விடுப்புக்கும் பேசுங்கள். நம் குதிரையை நம்மைவிட அதிக நேரம் பார்த்தவர் அவர்தான், அவருக்கும் துக்கம் உண்டு என்பதை எத்தனை சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள்?

எனக்கும் மறுநாள் அலுவலகத்தில் ஆண்டு விடுப்புதான் எடுக்க முடிந்தது. “குதிரைதானே” என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களோடு வாதாடவில்லை. அப்பாவோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, மைலோ செய்த சேட்டைகளை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது போதுமாக இருந்தது. மிச்சமிருந்த பெர்கோலைடு மாத்திரைகளை மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் குதிரைக்கு என்று நாமாகக் கொடுக்கக் கூடாத மருந்து அது.

இன்னொன்று, இதை இந்த வாரமே செய்துவிடலாம். ஒரு தாளில் குதிரையின் பெயர், வயது, நோய்கள், தினமும் கொடுக்கிற மருந்து, வழக்கமான மருத்துவரின் எண். என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் என் சார்பில் முடிவெடுக்கக்கூடிய இரண்டு பேர். எழ முடியாமலோ கால் முறிந்தோ கிடந்தால், மருத்துவர் நம்பிக்கையில்லை என்று சொன்னால், எனக்காகக் காத்திராமல் வலியை முடிக்கலாம் என்று ஒரு வரி. எவ்வளவு தொகை வரை அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் என்று இன்னொரு வரி. கையெழுத்து, தேதி. ஒரு பிரதி லாயத்து அலுவலகத்தில், ஒன்று மருத்துவரிடம், ஒன்று கொட்டடிக் கதவின் உள்பக்கத்தில். வருடத்துக்கு ஒருமுறை, தடுப்பூசி போடுகிற நாளில், எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். கோப்பியின் சொந்தக்காரர் இப்போது எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவது பெயராக அப்பாவைப் போட்டிருக்கிறார், அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான்.